சம்பளச் சீட்டை அப்பாவுக்கு அனுப்புங்கள்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): கவுந்தப்பாடிப் பக்கம் தோட்டத்துக்காரக் குடும்பம். வயது 31. நாமக்கல் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் 6 வருடம் இயற்பியல் எடுத்தேன். இந்த ஏப்ரலில் இருந்து ஷார்ஜாவில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் 9, 10ஆம் வகுப்பு ஆசிரியர். ஆறு பேர் அறையில் ஒரு கட்டில். தூக்கம் வருவதில்லை. வகுப்பில் என் இங்கிலீஷைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு விடுமுறை வந்தால் அழுகையே வருகிறது. மனைவியும் 3 வயது மகளும் ஊரில் அப்பா அம்மாவோடு இருக்கிறார்கள். அம்மாவுக்கும் மனைவிக்கும் இப்போது அடிக்கடி உரசல். கைக்கு வருவது 4,000 திர்ஹம் (வீட்டில் 6,000 என்று சொல்லியிருக்கிறேன், மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும்). 3,000 ஊருக்கு அனுப்பிவிட்டு, மாலையில் இரண்டு வீட்டில் டியூஷன் எடுத்துச் சமாளிக்கிறேன். பக்கத்துக் காடு (விவசாய நிலம்) ஒன்றரை ஏக்கர் விலைக்கு வருகிறது. என் பேரில் கிரயம் பண்ண, தீபாவளி கழித்து அப்பா அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவா, திரும்பி வந்துவிடவா?
– பெயர் வேண்டாம், ஷார்ஜா

பதில்: தம்பி, தூக்கத்தைப் பற்றி எழுதினீர்கள், இங்கிலீஷைப் பற்றி எழுதினீர்கள், அழுகையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள். உங்களை வாட்டும் விஷயத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். மற்றதெல்லாம் அங்கிருந்துதான் முளைக்கிறது. போகப் போகப் பழகிவிடும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். பொய் பழகினால் இன்னும் கெட்டியாகும், அவ்வளவுதான்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வருவது 4,000. ஊருக்கு 3,000. கட்டிலுக்குத் தண்ணீர், கரண்ட் சேர்த்து 750. சாப்பாடு 600. போன், பஸ் 200. கூட்டினால் 4,550. மாதம் 550 துண்டு விழுகிறது. அதை அடைக்க இரண்டு வீட்டில் டியூஷன். அறைக்குத் திரும்பி வரும்போது ராத்திரி ஒன்பதரை. அதற்குப் பிறகு அரிசி கழுவி, குழம்பு வைத்து, பதினொன்றரைக்குப் படுக்கிறீர்கள். காலை 5.50க்குப் பள்ளிப் பேருந்து. நாளைய பாடத்தை எப்போது பார்த்தீர்கள்? கடிதத்தில் அதற்கு ஒரு நேரமும் இல்லை. பிள்ளைகள் உங்கள் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தயாராகாமல் வந்து பலகைக்கு முன்னால் தடுமாறுகிற வாத்தியாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உலகத்தில் எந்த ஊர்ப் பத்தாம் வகுப்பும் அப்படித்தான் சிரிக்கும்.

இப்போது ஊர்ப் பக்கம் வருவோம். 6,000 என்றால் உங்கள் அப்பா போடும் கணக்கு என்ன? திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் 1,38,000. அவர் கைக்கு வருவது 69,000. பையனுக்குச் செலவு ஒரு 1,500 திர்ஹம் என்று தாராளமாகவே கழித்தாலும் 1,500 பாக்கி நிற்கிறது, 34,500 ரூபாய். மாதா மாதம் அந்தப் பணம் எங்கே போகிறது? ஈரோட்டு மண்டியில் மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்த்து விலை வைக்கிற ஆட்களோடு ஆயுசு பூராவும் புழங்கியவர் அவர். அவருக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது என்றா நினைக்கிறீர்கள்? நம்ம பக்கத்துக் குடும்பங்களில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "மருமகள் வீட்டுக்குப் போகுது." அம்மாவுக்கும் மனைவிக்கும் உரசல் ஏன் என்று உங்களுக்குப் புரியவில்லை என்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. நீங்கள் சொன்ன பொய்க்கு அந்தப் பெண்ணை ஊரில் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். வாயைத் திறந்தால் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள், மூடினால் பணத்தை மறைத்தவள். இரண்டு பக்கமும் அவளுக்குத்தான் அடி. அவள் இதை எத்தனை நாள் தாங்குவாள் என்று ஒரு வரியாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மகன் சம்பாதித்தால் பெற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் கொடுப்பவன் எவ்வளவில் இருந்து கொடுக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 6,000க்குத் தகுந்த மாதிரி அவர்கள் குடும்பத்தை இழுத்துவிடுவார்கள். இழுத்தும்விட்டார்கள்: மாடிக் கட்டடத்துக்கு 22,000 தவணை, 20 மாத 5 லட்சம் ஏலச் சீட்டுக்கு மாதம் 25,000, இப்போது ஒன்றரை ஏக்கர்.

அந்தக் காட்டு விஷயம்தான் அவசரம். உங்கள் பேரில் கிரயம் பண்ணவே முடியாது. வேலைக்காக வெளிநாடு போனவர், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, போனதில் இருந்தே வெளிநாடு வாழ் இந்தியர். அவர் இந்தியாவில் வீடு வாங்கலாம், மனையிடம் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டப் பயிர் எஸ்டேட், பண்ணை வீடு மூன்றும் வாங்கக் கூடாது. அப்பா வாங்கி உங்களுக்குத் தானமாக எழுதிவைப்பதும் ஆகாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், போவதற்கு முன்பே உங்கள் பேரில் இருந்த நிலத்துக்கும் தடை இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருவரும் கேட்காமல் பத்திரம் பதிவாகிவிடக்கூடும். "எல்லாரும் பண்றாங்க" என்று புரோக்கரும் சொல்வார். பின்னால் விஷயம் கிளம்பினால் சம்பந்தப்பட்ட தொகையில் மூன்று மடங்கு வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் பாயும் காடு, விட மனசு வராது, தெரியும். அப்பா தன் பேரில், தன் கையிருப்பில் வாங்க முடிந்தால் வாங்கட்டும். உங்கள் 6,000ஐ நம்பி அட்வான்ஸ் கொடுத்து, கெடுவுக்குள் மீதிப் பணம் புரட்ட முடியாமல் அட்வான்ஸும் போனால், அந்த நஷ்டத்தைச் செய்தது நீங்கள்.

ஆகவே இந்த வெள்ளிக்கிழமையே பேசுங்கள். சனிக்கிழமை என்று தள்ள வேண்டாம். அங்கே வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காது, போட்டிம் மாதிரி அனுமதி உள்ள ஒன்றில் வீடியோ அழைப்பு போடுங்கள். அங்கே காலை 8.30 என்றால் ஊரில் 10 மணி. காட்டு வேலை பார்த்துவிட்டு அப்பா திண்ணைக்கு வரும் நேரம். அப்பா, அம்மா, மனைவி மூவரும் ஒன்றாக உட்கார வேண்டும். அம்மாவிடம் மட்டும் முதலில் சொல்லி அவர் மூலமாக அப்பா காதுக்குப் போகட்டும் என்ற குறுக்கு வழி வேண்டாம், வழியிலேயே அந்த விஷயம் உருமாறிவிடும். முதல் வாக்கியத்திலேயே எண்ணைச் சொல்லிவிடுங்கள்: "அப்பா, என் சம்பளம் 4,000 தானுங்க, 6,000னு நான் பொய் சொல்லிட்டேனுங்க." அடுத்த வாக்கியம் மனைவியைப் பற்றி: "அவளுக்குத் தெரியும், சொல்ல வேண்டாம்னு தடுத்தது நானுங்க, அவங்க வீட்டுக்கு ஒத்தப் பைசா போகலீங்க." அப்புறம் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். அவர் திட்டுவார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். போனை வைத்துவிட்டு இரண்டு நாள் பேசாமலும் இருப்பார். மூன்றாம் நாள் தானே கணக்கு நோட்டை எடுப்பார்.

அந்த நோட்டில் வர வேண்டியது இது. ஊருக்கு இனி 2,000 திர்ஹம், 46,000 ரூபாய். வீட்டுத் தவணை 22,000, வீட்டுச் செலவு 20,000, கையில் 4,000. சீட்டுக்கு இடமில்லை. இன்னும் ஏலத்தில் எடுக்கவில்லை என்றால், நடத்துபவரின் சம்மதத்தோடு வேறொருவருக்குக் கை மாற்றிவிடலாம், சட்டத்திலேயே அதற்கு வழி உண்டு. பதிவு செய்யாத சீட்டு என்றால் அந்தச் சட்டம் கைகொடுக்காது, பேசித்தான் வெளியே வர வேண்டும். எடுத்துவிட்டீர்கள் என்றால் கட்டித்தான் தீர வேண்டும், மஞ்சள் விற்ற பணத்தில் அப்பா எவ்வளவு தாங்குவார் என்று அப்போது கேளுங்கள். அங்கே உங்கள் கையில் செலவு போக 450 நிற்கும். அதைத் தொடாதீர்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

பணம் போகிற பாதையும் சரியில்லை. பழைய சேமிப்புக் கணக்குக்கே அனுப்புகிறேன் என்கிறீர்கள். வெளிநாட்டு வேலைக்குப் போனவர் அந்தக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாடு வாழ் இந்தியரின் உள்நாட்டு வரவுக்கான கணக்காக, மாற்ற வேண்டும். அதோடு, வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கென்று உள்ள என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தொடங்கி, சம்பளப் பணத்தை அதில் போடுங்கள். அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. கணக்கை இயக்கும் அதிகாரத்தை மனைவிக்கு எழுதிக்கொடுங்கள், ஏ.டி.எம். கார்டும் அவளிடமே இருக்கட்டும். அப்பாவுக்கு மரியாதைக் குறைவு என்று யாராவது முனகினால், மாதம் ஒன்றாம் தேதி வீட்டுச் செலவுப் பணத்தை அவள் கையால் மாமனாரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். முனகல் நின்றுவிடும்.

டியூஷன். நீங்கள் எடுப்பது அனுமதி இல்லாத டியூஷன், அகப்பட்டால் வேலையும் விசாவும் சேர்ந்து ஆட்டம் காணும். 2023 டிசம்பரில் இருந்து அமீரகத்தில் தனிவகுப்பு எடுக்க முறையான அனுமதி தருகிறார்கள். கட்டணம் இல்லை, 2 வருடம் செல்லும், விண்ணப்பித்து 5 வேலை நாளுக்குள் பதில் வரும். பள்ளியில் இருந்து ஆட்சேபம் இல்லை என்று கடிதம் வாங்க வேண்டும், பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். இந்த மாதம் இரண்டு வீட்டையும் நிறுத்துங்கள். அனுமதி வந்த பிறகு வெள்ளி, சனியில் மட்டும் எடுங்கள், உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றைக்கூடச் சேர்க்காமல். அழுகை வரும் அந்த விடுமுறைக்கு ஒரு வேலையும் ஆயிற்று.

வகுப்பு. உறைவிடப் பள்ளிப் பழக்கத்தைக் கழற்றிவையுங்கள். நோட்ஸ் சொல்லி எழுதவைத்து, திரும்பத் திரும்பத் தேர்வு வைத்து மார்க் எடுக்கும் முறை அங்கே செல்லாது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளில் பாதி, திறன் சார்ந்த கேள்விகள். ஒரு சூழ்நிலையைக் கொடுத்து, யோசித்து எழுது என்பார்கள். மனப்பாடம் பண்ணின பிள்ளை அங்கே முழிக்கும். மின்சாரப் பாடம் என்றால் சூத்திரத்தில் தொடங்காதீர்கள். ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்று, ஒரு நிக்ரோம் கம்பி, ஒரு அம்மீட்டர். முள் எங்கே நிற்கிறது என்று ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது பேட்டரியைத் தொடராகச் சேருங்கள், முள் ஏறக்குறைய இரட்டிப்பாக நகரும். ஏன் சரியாக இரண்டு மடங்கு வரவில்லை என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். கம்பி சூடாவதையும் பேட்டரியின் உள்தடையையும் யாராவது ஒருவர் தொடுவார். அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் இங்கிலீஷை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அன்றைய முக்கியச் சொற்களை முன்கூட்டியே பலகையில் எழுதிவிட்டால் உச்சரிப்பு பிசகினாலும் எழுத்து காப்பாற்றும். இருக்கை வரைபடம் ஒன்று போட்டுப் பேர்களைப் படித்துவிடுங்கள். காதைத் திருகுவது, முதுகில் தட்டுவது எதுவும் கூடாது. பிள்ளைகளோடு சொந்த எண்ணில் செய்தி பரிமாறவும் கூடாது.

மகளிடம் ராத்திரி அங்கே 8 மணிக்குப் பேசுகிறேன் என்கிறீர்கள். டியூஷனுக்கு நடுவே அது எப்படி என்று தெரியவில்லை, எப்படியானாலும் ஊரில் அப்போது ஒன்பதரை. தூக்கத்தில் இருக்கும் குழந்தையை எழுப்பி முகம் காட்டச் சொல்லி, அது அழ, நீங்களும் அழ, யாருக்கு என்ன லாபம்? டியூஷனை நிறுத்திய பிறகு சாயங்காலம் 5.30க்குக் கூப்பிடுங்கள். ஊரில் 7 மணி, சோறு ஊட்டும் நேரம்.

கடைசியாக, நீங்கள் கேட்ட கேள்வி. இப்போது வராதீர்கள். தகுதிகாண் காலம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே ஒப்பந்தத்தில் உள்ளபடி 30 முதல் 90 நாள் வரை முன்னறிவிப்பு கொடுத்தால்தான் முறையாக விலகலாம். சொல்லாமல் கிளம்பினால் ஒரு வருடம் அங்கே வேலை அனுமதி கிடைக்காமல் போகும். ஒரு வருடம் முடித்தால்தான் பணிக்கொடை: வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். உங்கள் அடிப்படை 2,400 என்பதால் 1,680 திர்ஹம். பணத்தை விடுங்கள், பிப்ரவரியில் உங்கள் பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு எழுதப் போகிறது. பாதியில் விட்டுவிட்டு வரும் வாத்தியாரை எனக்குப் பிடிக்காது, வீட்டில் என்ன கஷ்டம் இருந்தாலும் சரி. மார்ச் வரை நில்லுங்கள்.

அடுத்த வருடம் தொடர்வீர்களா என்று ஜனவரி வாக்கில் பள்ளியில் கேட்பார்கள். ஊரில் 28,000 சம்பளத்தோடு சாப்பாடும் அறையும் கிடைத்தது, அங்கே செலவு போக 46,000 ஊருக்கு வருகிறது. அந்த வித்தியாசத்துக்கு மகளைப் பிரிந்து இருப்பது தகுமா என்பதை மனைவியோடு உட்கார்ந்து முடிவு பண்ணுங்கள். முடிவு எதுவானாலும் அன்றைக்கே அப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள்.