மோன் சென் மிஷேல் தேவாலயத்தின் முன்பாதி ஒரு பாணியிலும் பின்பாதி வேறு பாணியிலும் இருப்பது ஏன்?

சுருக்கமாகச் சொன்னால், இடிந்து விழுந்ததால். பிரான்சின் நார்மண்டிக் கரையோரம் உள்ள இந்தப் பாறைத் தீவில் 708-இல் அவ்ராஞ்ச் ஆயர் ஓபேர் தூய மிக்கேலுக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பியதாக மரபு. 966-இல் பெனடிக்ட் சபைத் துறவிகள் குடியேறினர்.

1023-இல் பெரிய தேவாலயம் தொடங்கியபோதுதான் சிக்கல். சுமார் 80 மீட்டர் நீளக் கட்டடத்துக்கு உச்சியில் சமதளம் இல்லை. பாறையைச் செதுக்கித் தட்டையாக்காமல், சுற்றிலும் நிலவறைகள் கட்டி அவற்றின் மேல் தளம் அமைத்தார்கள். சிலுவை வடிவின் நடுப்பகுதி மட்டுமே பாறை உச்சியில் அமர்ந்திருக்கிறது. நான்கு கைகளையும் தாங்குவது நிலவறைகள்தான். துணிச்சலான யோசனை, ஆனால் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1103-இல் மேற்குக் கையான நடுக்கூடத்தின் வடசுவர் சரிந்தது. 1421-இல், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான நூறாண்டுப் போருக்கு நடுவே, கிழக்கிலிருந்த பாடகர் பகுதி முழுவதும் விழுந்தது.

போர் ஓயும் தறுவாயில்தான் மறுகட்டுமானம் தொடங்கியது. இம்முறை முதலில் கீழே தடித்த தூண்கள் கொண்ட நிலவறை, பிறகு அதன் மேல் கோதிக் பாணிக் கட்டடம், 1521-இல் முடிந்தது. ஆகவே மேற்கே வட்ட வளைவுகளோடு பழைய ரோமனெஸ்க் கூடம், கிழக்கே கூர்வளைவுகளும் பெரிய சன்னல்களும்.

மேற்குப் பக்கமும் தப்பவில்லை. 1776 தீவிபத்துக்குப் பின் நடுக்கூடத்தின் ஏழு கண்களில் (தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட பகுதிகளில்) மூன்றை இடித்துவிட்டார்கள். வாசலுக்கு முன்னுள்ள திறந்த முற்றம் அந்த இடம்தான். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1863 வரை மடம் சிறைச்சாலை. உச்சியிலுள்ள ஊசிக்கோபுரம் பலரும் நினைப்பதுபோல இடைக்காலத்தது அல்ல, 1897-இல் வைத்தது.