வெப் தொடர்களின் கவர் பாடல் (ஏற்கெனவே வந்த பாட்டை வேறொருவர் புதிதாக வாசிப்பது) ஆல்பங்களை, தொடரையே பார்க்காமல் கேட்டால் ரசிக்குமா?

ரசிக்கும். தொடர் தெரியாவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. மூலப் பாட்டு தெரியாவிட்டால்தான் பாதிச் சுவை போய்விடும்.

நான் அதிகம் கேட்டது 'பிரிட்ஜர்டன்' தொடரின் கவர்கள். கதை 1813-ல் தொடங்குகிறது. லண்டன் பிரபுக்கள் வீட்டு நடன விருந்தில் வயலின் வாசிக்கிறார்கள். கொஞ்சம் காது கொடுத்தால் அது இந்தக் காலத்துப் பாப் பாடகி அரியானா கிராண்டேயின் 'தேங்க் யூ, நெக்ஸ்ட்'. இன்னொரு இடத்தில் பில்லி ஐலிஷின் 'பேட் கை'. முதல் சீசனில் இவற்றை வாசித்தது வைட்டமின் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழு. பாடகியின் குரல் இருந்த இடத்தில் வயலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது, வார்த்தைகளை நாம்தான் மனசுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். கல்யாண ரிசெப்ஷனில் நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டுக்கு மாறியதும் கூட்டம் வாய்க்குள் முணுமுணுக்குமே, அதே சங்கதிதான். குன்னக்குடி வைத்தியநாதன் வயலினில் சினிமா மெட்டு எடுத்தால் கைதட்டல் எழுந்ததும் இதனால்தான்.

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 2022-ல் வந்த இரண்டாம் சீசனில் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் போகும் ஷர்மா சகோதரிகள்தான் மையம். (நடித்த சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இருவருமே தமிழ் வேர் உள்ளவர்கள், அதில் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் குஷி.) தங்கையின் கல்யாணத்துக்கு முன் மஞ்சள் பூசும் காட்சியில் 'கபி குஷி கபி கம்' மெட்டு வருகிறது. 2001 படத்தில் ஜதின்-லலித் இசையில் லதா மங்கேஷ்கர் பாடியதை, தொடரின் இசையமைப்பாளர் கிரிஸ் பவர்ஸ் வார்த்தையே இல்லாமல் செய்திருக்கிறார். அம்மா அந்தத் தொடரில் ஒரு காட்சிகூடப் பார்த்ததில்லை. ஆல்பத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். மற்ற பாட்டுகளுக்கெல்லாம் "யார் வீட்டுக் கல்யாண வீடியோடா இது?" என்று கேட்டவர், இந்த மெட்டு வந்ததும் அடுப்படியிலிருந்தே முழு வரியையும் இந்தியில் பாடிவிட்டார். கல்லூரியில் படிக்கும் என் பெண்ணுக்கு நேர் எதிர். ஹாரி ஸ்டைல்ஸின் 'சைன் ஆஃப் த டைம்ஸ்' வந்தபோதுதான் அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்தாள்.

தயாரிப்பாளர்கள் கவர் பக்கம் போவதற்கு வியாபாரக் காரணமும் உண்டு. மூல ஒலிப்பதிவையே போட வேண்டுமானால் பாட்டை எழுதியவர்கள் தரப்பிலும் அந்தப் பதிவை வைத்திருக்கும் கம்பெனியிடமும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். புதிதாக வாசித்துப் பதிவு செய்தால் முதல் அனுமதி போதும்.

ஆனால் கவர் என்பதற்காகவே எல்லாம் தேறிவிடாது. நிர்வானா என்ற ராக் குழுவின் 'ஸ்டே அவே'யை அந்த நால்வர் குழு வாசிக்கும்போது முரட்டுத்தனம் எல்லாம் வடிந்து லிஃப்டில் ஓடும் இசை மாதிரி ஆகிவிடுகிறது. டுவோமோ என்ற பெயரில் வெளியான டெய்லர் ஸ்விஃப்டின் 'வைல்டஸ்ட் ட்ரீம்ஸ்' அப்படி இல்லை. அதில் ஏக்கம் மெட்டிலேயே இருக்கிறது, வார்த்தையை எடுத்தாலும் குறையவில்லை.

கவரைக் கதையோடு சரியாகக் கோத்தது என்றால் என் ஓட்டு 2016-ல் தொடங்கிய 'வெஸ்ட்வேர்ல்ட்' தொடருக்கு. மனிதர் மாதிரியே இருக்கும் ரோபோக்கள் நிறைந்த கௌபாய் பூங்காதான் களம். அங்குள்ள மதுக்கடையில் ஒரு தானியங்கி பியானோ. துளையிட்ட காகிதச் சுருள் சுழலச் சுழலக் கட்டைகள் தாமாக அமுங்கும், வாசிக்க ஆளே இருக்காது. எழுதிவைத்தபடி நடக்கும் ரோபோக்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் கிடைக்காது. அதில் ராக் குழுக்களான ரேடியோஹெட்டின் 'நோ சர்ப்ரைசஸ்', சவுண்ட்கார்டனின் 'பிளாக் ஹோல் சன்' எல்லாம் வரும். இசை ரமின் ஜவாடி. ரோலிங் ஸ்டோன்ஸின் 'பெயின்ட் இட் பிளாக்'கை முதல் சீசனில் துப்பாக்கிச் சண்டைக்குப் பெரிய ஆர்கெஸ்ட்ராவாக ஊதிவிட்டவர், இரண்டாம் சீசனில் அதையே ஜப்பானிய வாத்தியங்களில் கொண்டுவருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

மும்பை ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் கேட்பதாக இருந்தால் பியானோவே மேல். வயலின் இறங்கிப் பேசும் இடமெல்லாம் குர்லா கூட்டத்தில் காதுக்கு எட்டாது. அப்புறம், பட்டியலில் தெரியாத பாட்டு வந்தால் முதலில் மூலத்தை ஒருமுறை ஓடவிட்டுவிட்டு கவருக்கு வாருங்கள்.