கௌபாய் தோல் வேலை: வாசகர் கேள்வி – பதில்

பூவேலை செய்த பெல்ட், துப்பாக்கி உறை, தொங்கல் வைத்த சேப்ஸ் (பேன்ட்டுக்கு மேல் கால்களில் அணியும் தோல் காப்பு) என்று அமெரிக்க மேற்குப் பாணித் தோல் பொருட்களைக் கையால் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. தோலின் பருமனை அவுன்ஸில் எழுதியவர்களும் உண்டு, மில்லிமீட்டரில் எழுதியவர்களும் உண்டு. 1 அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 0.4 மி.மீ. பதில்களில் மில்லிமீட்டரையே பயன்படுத்தியிருக்கிறோம்.

கேள்வி: பெல்ட்டில் அச்சு அடிக்கும்போது பூ நன்றாக விழுகிறது. காய்ந்த பிறகு மங்கிவிடுகிறது. எவ்வளவு பலமாக அடித்தாலும் இதே கதைதான். ஏன்?

பலத்தில் குறை இல்லை. முதலில் தோலைப் பாருங்கள். அச்சு நிற்பது தாவரப் பதனீட்டுத் தோலில், அதாவது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் மட்டும்தான். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் ரப்பர் மாதிரி எழும்பி, பள்ளத்தை நிரப்பிக்கொள்ளும். ஒரு துண்டை வெட்டி, வெட்டு முகத்தைக் கவனியுங்கள். நடுவில் நீலச் சாயலோ சாம்பல் சாயலோ தெரிந்தால் பெரும்பாலும் அது குரோம்.

தோல் சரியானதுதான் என்றால், ஈரம் தவறு. பெரும்பாலானோர் தோலை நனைத்த கையோடு அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மேலே சொதசொதவென்று ஈரம், உள்ளே காய்ந்த நார். அச்சு விழுந்த இடத்தில் தண்ணீர் பிதுங்கும், பள்ளம் மீண்டும் மூடிக்கொள்ளும். பஞ்சால் சீராக நனைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி இரவு முழுக்க வையுங்கள். ஈரம் நடுவரை இறங்கும். காலையில் வெளியே எடுத்து, மேற்பரப்பு கிட்டத்தட்ட பழைய நிறத்துக்குத் திரும்பும்வரை காத்திருங்கள். பார்வைக்குக் காய்ந்ததுபோல் இருக்க வேண்டும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். அதுதான் நேரம். அந்தப் பதத்தில் அடித்த அச்சின் அடிப்பகுதி கரும்பழுப்பாக மாறும். நிறம் மாறவில்லை என்றால் பதம் வரவில்லை அல்லது கடந்துவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம். மர மேசை அடியின் பாதி வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். கீழே கிரானைட் அல்லது சலவைக்கல் பலகை வேண்டும். அச்சடிக்க அடிக்க பெல்ட் நீளும். அதைத் தடுக்க, தொடங்கும் முன்பே தோலின் பின்புறத்தில் பார்சல் டேப்பை முழுக்க ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: பூவின் கோடுகளை வெட்டும் ஸ்விவல் கத்தி (விரலிடையே திரும்பும் அலகுள்ள கத்தி) தோலில் இழுபடுகிறது, வளைவுகள் பிசிறாக வருகின்றன. புதிய கத்தி வாங்கட்டுமா?

வேண்டாம். புதிய கத்தியும் பல சமயம் மெருகேறாமல்தான் வரும். அட்டையில் ஒட்டிய தோல் துண்டு ஒன்றில் மெருகு மெழுகைத் தேய்த்து, அலகின் இரு பக்கத்தையும் பின்னோக்கி மட்டும் இழுங்கள். பக்கத்துக்கு 20 முறை போதும். கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும். வேலை நடுவில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இதையே திரும்பச் செய்யுங்கள். வெட்டின் ஆழம் தோலின் பருமனில் பாதியைத் தாண்டக் கூடாது.

கேள்வி: ஷெரிடன் பாணிப் பூவேலையில் எந்தக் கருவிக்குப் பின் எது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசை சொல்கிறார்கள்.

வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் ஊரில் டான் கிங் என்ற சேணத் தொழிலாளி வளர்த்தெடுத்த பாணி இது. சிறிய பூக்கள் நிறைய, அவற்றைச் சுற்றி வட்டம் வட்டமாக ஓடும் காம்புகள். ஆகவே வரிசையைக் கேட்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள். காம்பு ஒவ்வொன்றும் முந்தைய வட்டத்திலிருந்து கிளம்ப வேண்டும். அங்கே இடறினால் எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது.

வழக்கமான வரிசை இது: கத்தி வெட்டு, கேமஃப்ளாஜ் (பிறைத் தடம் பதிப்பது), பேர் ஷேடர் (இதழில் குழிவு தருவது), பெவலர் (வெட்டின் ஓரத்தைச் சரிவாக அமுக்குவது), வெய்னர் (இலை நரம்பு பதிப்பது), சீடர் (விதைப் புள்ளி பதிப்பது), பேக்கிரவுண்டர் (பின்னணியை அமுக்குவது), கடைசியில் கத்தியால் அலங்கார வெட்டு. ஷேடரும் பெவலரும் இடம் மாறினால் பெரிய பாதகம் இல்லை. அலங்கார வெட்டு மட்டும் கடைசியில்தான் வர வேண்டும். அதற்குள் தோல் சற்றுக் காய்ந்திருப்பதால் கோடு திறந்தே நிற்கும். பெவலரைத் தட்டித் தட்டி நகர்த்தும்போது ஒவ்வொரு அடிக்கும் கருவியின் அகலத்தில் பாதிக்குக் குறைவாகவே நகருங்கள். இல்லாவிட்டால் படிக்கட்டுப்போல் தடம் விழும்.

கேள்வி: இடுப்பை அளந்துதான் துப்பாக்கி பெல்ட் வெட்டினேன். உள்துணியாக இன்னொரு தோலும் ஒட்டித் தைத்தேன். கட்டிப் பார்த்தால் 2 செ.மீ. போதவில்லை. அளவு எங்கே போனது?

தோலின் பருமனுக்குள் போனது. டேப் உடம்பின் சுற்றளவைச் சொல்லும். பெல்ட் அதற்கு வெளியே சுற்றுகிறது. தேவைப்படும் கூடுதல் நீளம் ஏறத்தாழ பருமன் × 3.14. உள் தோலோடு சேர்த்து 6 மி.மீ. பருமன் என்றால் 19 மி.மீ. உங்கள் 2 செ.மீ. அதுதான்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். எந்த உடைமேல் கட்டுவார்களோ அதை அணிவித்து, பெல்ட் உட்காரும் இடத்திலேயே அளக்க வேண்டும். அந்த அளவோடு பருமன் கணக்கைக் கூட்டினால், பக்கிள் மடிப்பிலிருந்து நடுத் துளைவரை உள்ள நீளம் கிடைக்கும். பக்கிளுக்குப் பின்னால் மடிக்க 75 மி.மீ. தனி. 25 மி.மீ. இடைவெளியில் ஐந்து துளை. நடுத் துளைக்கு அப்பால் நுனிவரை 140 மி.மீ. விடலாம். உள் தோலைத் தட்டையாக வைத்து ஒட்டாதீர்கள். இரண்டையும் வளைத்துப் பிடித்தபடி ஒட்டி, மிஞ்சுவதைப் பிறகு வெட்டுங்கள். தட்டையாக ஒட்டிய பெல்ட் வளையும்போது உள்பக்கம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும்.

கேள்வி: நாடகத்துக்குப் பொம்மைத் துப்பாக்கி உறை செய்கிறேன். ஈரத்தில் வடிவம் பிடித்து, சீக்கிரம் காயட்டும் என்று அடுப்பு ஓவனில் வைத்தேன். உறை சுருங்கி, மரக்கட்டைபோல் விறைத்து, வளைத்தால் வெடிக்கிறது. எண்ணெய் விட்டால் சரியாகுமா?

ஆகாது. ஈரமான தாவரப் பதனீட்டுத் தோல் சுமார் 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நார் சுருண்டு வெந்துபோகும். வெந்ததை எண்ணெய் திருப்பாது. புதிதாக வெட்டுங்கள். கோபம் வேண்டாம், பட்டர்ன் கையில் இருக்கிறதே.

தோல் 3.2 முதல் 3.6 மி.மீ. பருமன் இருக்கட்டும். துப்பாக்கியை மடித்த காகிதத்துக்குள் வைத்து, வெளிக்கோட்டை வரையுங்கள். அந்தக் கோட்டிலிருந்து தோலின் பருமனும் கூடுதலாக 3 மி.மீ.யும் தள்ளித் தையல் கோடு, அதிலிருந்து 10 மி.மீ. தள்ளி வெட்டுக் கோடு. முதல் உறை எல்லோருக்கும் இறுக்கமாகத்தான் வரும், தோலின் பருமனை மறந்துவிடுவதால். விசைக்காப்பு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) வரும் இடத்தில் இரு தோலுக்கும் நடுவே ஒரு ஒல்லித் தோல் பட்டையைச் செருகித் தையுங்கள். தையல் அறுபடாது, உறையும் திறந்து நிற்கும்.

தைத்த உறையை வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 விநாடி முக்கி எடுங்கள். துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே செருகி, விரலாலும் மழுங்கிய எலும்புக் கருவியாலும் அழுத்துங்கள். நகம் பட்டால் தழும்பு நிற்கும். மேற்குப் பாணி உறைக்கு ஒவ்வொரு திருகும் தெரியும்படி அச்சு எடுக்கத் தேவையில்லை. பொது உருவம் வந்தால் போதும். மின்விசிறிக் காற்றில் 24 மணி நேரம் காய விடுங்கள். காய்ந்த பிறகுதான் சாயமும் எண்ணெயும்.

கேள்வி: 1880 காலத்துக் கதை. தொடைவரை தொங்கும் உறை, பெல்ட்டில் ஒரு பிளவு, காலில் கட்டும் கயிறு, இவை சரியா?

பெல்ட்டின் பிளவுக்குள் உறை தொங்கும் புஸ்கடெரோ அமைப்பு 20ஆம் நூற்றாண்டுச் சங்கதி. திரைப்படம் அதைப் பரப்பியது. 1880க்கு மெக்சிகன் லூப் உறையே பொருந்தும். உறையின் பின் மடல் பெல்ட்டைச் சுற்றிக் கீழே இறங்கும். அந்த மடலில் ஒன்றோ இரண்டோ பிளவு வெட்டி, உறையை அதற்குள் செருகிவிடுவார்கள். இடுப்பிலேயே உயரமாக உட்காரும். செய்வதற்கும் இதுவே எளிது.

பேன்ட்டிலும் கவனம் தேவை. செம்பு ரிவெட் வைத்த பேன்ட்டுக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை பெற்றது 1873இல். லீவைஸ் ஜீன்ஸில் பெல்ட் வளையம் வந்தது 1922இல்தான். அதுவரை சஸ்பெண்டர், அதாவது தோளில் மாட்டும் வார்.

கேள்வி: ஜாக்கெட்டின் தொங்கல் இழைகள் சில நீண்டு, சில சுருண்டு போயின. வெட்டிய ஓரத்தில் வேறு நிறம் தெரிகிறது.

மூன்றுமே தோல் தேர்வில் நடந்த பிழை. வயிற்றுப் பகுதித் தோல் நூடுல்ஸ்போல் நீளும். முதுகுப் பகுதியிலிருந்து, முதுகெலும்புக்கு இணையான திசையில் இழை வெட்டுங்கள். பருமன் 1 முதல் 1.4 மி.மீ., மென்மையான தோல். சாயம் உள்ளேயும் ஊறியதா என்று வாங்கும்போதே ஓரத்தைக் கீறிப் பாருங்கள்.

இழைக்கு 4 முதல் 5 மி.மீ. அகலம். மேலே 20 மி.மீ. வெட்டாமல் விட்டு, அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு ஸ்கேல் வைத்து, சக்கரம்போல் உருளும் கத்தியைக் (ரோட்டரி கட்டர்) கோட்டிலிருந்து கீழ்நோக்கித் தள்ளுங்கள். கீழிருந்து மேலே வெட்டினால் எப்போதாவது ஒரு முறை கை தாண்டும். அந்த ஒரு முறை போதும், பட்டை முழுவதும் வீண்.

கேள்வி: சேப்ஸின் முன்பக்கம் இரு காலையும் சேர்க்கும் தோல் கயிறு அறுந்துகொண்டே இருக்கிறது. ரிவெட் அடித்துவிடவா?

அடிக்காதீர்கள்! அது அறுவதற்காகவே மெலிதாக வைத்தது. குதிரை துள்ளும்போது சேப்ஸின் இடுப்பு சேணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் மாட்டிக்கொண்டால், கயிறு அறுந்து ஆள் தப்ப வேண்டும். குதிரை ஏறாத மேடை உடைக்கும் அதே கயிறு இருக்கட்டும். அணிபவர் நாளைக்கு எதில் ஏறுவார் என்று யாருக்குத் தெரியும்.

கேள்வி: கைத்தையல் முன்பக்கம் அழகாகச் சாய்ந்து வருகிறது, பின்பக்கம் கோணல்மாணலாக இருக்கிறது.

குத்தூசி சாய்கிறது, அல்லது ஊசி வரிசை மாறுகிறது. குத்தூசியைத் தோலுக்கு நேர் செங்குத்தாக இறக்குங்கள். பின்புறம் துளைகள் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று முதல் ஐந்து துளையிலேயே பார்த்துவிடலாம். நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துத் தைக்கும்போது, எந்தக் கை ஊசி முதலில் போகிறதோ, கடைசிவரை அதுவே முதலில். இரண்டாவது ஊசி முதல் நூலின் மேலா, கீழா? அதையும் மாற்றக் கூடாது. ஊசி நூலைக் குத்திக்கொண்டு போனால் அந்தத் தையல் இறுகாது. பின்னுக்கு இழுத்து எடுத்துவிடுங்கள்.

உறைக்கு ஓரத்திலிருந்து 5 மி.மீ., அங்குலத்துக்கு 6 தையல், மெழுகிட்ட 0.8 அல்லது 1 மி.மீ. நூல். தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவில் மூன்று துளை பின்னால் வந்து வெட்டினால் முடிச்சே தேவையில்லை.

கேள்வி: கறுப்புச் சாயம் வெள்ளைச் சட்டையில் ஒட்டுகிறது. இன்னொரு பெல்ட்டில் நான் பூசாமலே கறுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன.

ஒட்டுவது மேலே தங்கிய சாயத்தூள். கெட்டியாக ஒரே பூச்சு பூசாமல், சம அளவு கரைப்பானில் நீர்த்து, வட்டமாகத் தேய்த்து இரண்டு மூன்று முறை பூச வேண்டும். ஒரு நாள் காய்ந்ததும், துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை உலர்ந்த துணியால் தேயுங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். பிறகு மெல்லிய எண்ணெய், ஒரு இரவு ஓய்வு, அதற்குப் பின் மேல் மெருகு, உள்பக்கத்துக்கும் சேர்த்து.

புள்ளிகள் இரும்பினால் வந்தவை. ஈரத் தோலில் உள்ள டானினும் (பதனிட்ட தாவரச் சாற்றின் துவர்ப்புப் பொருள்) இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். இரும்புத் தூள் படிந்த மேசையே போதும். எலுமிச்சைச் சாறு தடவினால் பெரும்பாலும் மறையும்.

அதே வினையை வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்ப் பசை நீக்கிய இரும்புக் கம்பளியை (ஸ்டீல் வூல்) வினிகரில் போட்டு இரண்டு வாரம் ஊற விடுங்கள். வாயு வெளியேற வேண்டும், ஆகவே மூடியை இறுக்காதீர்கள். வடிகட்டிப் பூசினால் தாவரப் பதனீட்டுத் தோல் சில நிமிடத்தில் கறுக்கும். முதலில் திடமான தேயிலைக் கஷாயம் தடவினால் கறுப்பு இன்னும் அடர்த்தியாகும். பின்பு ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துக் கழுவி அமிலத்தை முறியுங்கள். காய்ந்ததும் எண்ணெய் விட மறக்காதீர்கள். இந்த முறை தோலை நன்றாக உலர்த்திவிடும். இங்கே தோலின் நாரே கறுத்துவிடுவதால் சட்டையில் ஒட்டும் தொல்லை மிகக் குறைவு.