ஆளரவமற்ற இடத்துக்குக் களப்பணிக்குப் போகும்போது முதலுதவிப் பெட்டியில் என்ன வைக்க வேண்டும்?

பெட்டி இருக்கட்டும், அதைவிட முக்கியம் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று வெளியே ஒருவருக்குத் தெரிந்திருப்பது. போகும் பாதை, தங்கும் இடம் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, "6 மணிக்குத் தகவல் வரவில்லையா, 8 வரை பார், அப்புறம் இந்த எண்ணுக்குக் கூப்பிடு" என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். வெறுமனே "பார்த்துக்கோ" என்றால் அவர் மறுநாள் வரை கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டே இருப்பார். சிக்னல் இல்லாத இடமென்றால் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி நல்லது, ஆனால் சில நாடுகளில் அதற்கு முன் அனுமதி வேண்டும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் கூடாது. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது, போய்ச்சேர எவ்வளவு நேரம், ராத்திரியில் வண்டி யார் ஓட்டுவார் என்பதெல்லாம் கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், என்னைக் கேட்டால் பாதித் தயாரிப்பே இதுதான்.

நாயோ வௌவாலோ கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். குடிநீரைத் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவிட்டால் போதும், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் 3 நிமிடம்.

வெயிலில் கூட வந்தவர் உளற ஆரம்பித்தால் அது வெறும் களைப்பு இல்லை, நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே உதவிக்குக் கூப்பிடுங்கள்.

மலேரியா உள்ள பகுதி என்றால், திரும்பி வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் எங்கே போயிருந்தீர்கள் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.