வீடு வீடாக நடப்பவள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘விண்டர்ஸ் போன்’ என்ற ஆங்கிலப் படம் பார்த்தோம். மாடர்ன் தியேட்டர்ஸ் துப்பறியும் படங்களில் ஊறிய என் மாமனார் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். ஜெனிபர் லாரன்ஸ் நடிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் படம் முழுக்க அந்தப் பெண் வீடு வீடாக நடக்கிறாள், யாரும் எதுவும் சொல்வதில்லை. அவள் அப்பாவைக் கொன்றது யார் என்பதும் தெரியவில்லை. இவ்வளவு மெதுவாக எடுக்க வேண்டுமா?

எஸ்.,
அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள எஸ்.,

படம் பார்க்காதவர்கள் இதைப் பிறகு படிக்கலாம், முடிவு வரைக்கும் பேசப்போகிறேன்.

அந்தப் பெண் ரீக்கு 17 வயது. அப்பா ஜாமீனுக்கு வீட்டையும் காட்டையும் ஈடாக எழுதிக்கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறார். வாய்தாவுக்கு அவர் வராவிட்டால் வீடு போய்விடும். அம்மாவுக்குச் சித்தம் சரியில்லை, தம்பி தங்கை சின்னப் பிள்ளைகள். அவளுக்கு அதிகாரம் இல்லை, பணம் இல்லை. ‘நானும் உங்க சொந்தம்தானே’ என்று போய் நிற்க மட்டும்தான் முடியும்.

அப்பாவைப் பற்றிக் கேட்க ரீ போகும் தம்ப் மில்டன் வீட்டுக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். அந்தப் பக்கத்துக்கே பெரிய தலை அவர். வெளியே வருவது மனைவி மெராப். இதைக் கேட்டுவர உன் வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்கிறாள். இல்லை என்கிறாள் ரீ. முற்றத்தில் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போன மெராப், குடிக்க ஏதோ கொண்டுவந்து கொடுத்துப் பதிலையும் சொல்கிறாள்: நீ என்ன கேட்க வந்தாய் என்று அவருக்குத் தெரியும், அதைக் கேட்க அவருக்கு இஷ்டமில்லை. இங்கே ஏற்காட்டு மலைக்கிராமங்களிலும் ஒரு பெண் பட்டா விஷயமாகத் தனியாகப் போனால் முதல் கேள்வி ‘வீட்டுக்காரர் வரலையா’ என்பதுதான். அப்புறம் எப்படி அவள் விறுவிறுவென்று துப்பறிவாள்?

அந்த நடை வீணாகவும் போகவில்லை. அவள் கதவு கதவாகத் தட்டியதால்தான் ஊர் பேச ஆரம்பிக்கிறது. இடையில் அவளை அடித்துப் போட்ட மெராப்பும் அவள் சகோதரிகளுமே, ஊர் வாயை மூட வேறு வழியில்லாமல், ராத்திரியில் படகில் ஏற்றி அப்பாவின் உடல் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். செத்ததற்குச் சாட்சியாக இரண்டு கைகளையும் அறுக்கிறார்கள். தண்ணீருக்குள் கையை விட்டு அப்பாவின் கையைப் பிடித்திருப்பது ரீ. ஒரு கையை மட்டும் வெட்டிக்கொடுத்து ஏமாற்றுவது போலீஸுக்குத் தெரிந்த தந்திரம் என்பதால் இரண்டும் வேண்டும். இந்த விவரத்தில் இயக்குநர் டெப்ரா கிரானிக் அந்த ஊரை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார் பாருங்கள். மிசௌரியின் ஓசார்க் மலையிலேயே போய், உள்ளூர் ஆட்களையும் நடிக்க வைத்து எடுத்தார். ராணுவ ஆள்சேர்ப்பு அதிகாரியாக வருபவர் நிஜத்திலும் அதே வேலையில் இருந்தவர்.

சரி, கொன்றது யார்? பெரியப்பா டியர்டிராப்புக்குக் கடைசியில் தெரிந்துவிடுகிறது. உனக்குத் தெரியவந்தாலும் என்னிடம் சொல்லாதே என்று ரீயிடம் முன்பே சொன்னவர் அவர். தெரிந்தால் பழிக்குப் போயாக வேண்டும், போனால் திரும்ப மாட்டார். பெயரைச் சொல்லியிருந்தால் நாமும் அவர் பின்னாலேயே போயிருப்போம். கிரானிக் நம்மை ரீயோடும் அந்தப் பிள்ளைகளோடும் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டார். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது.