ஒரு பகலுக்குள் பத்து இடமா?

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போகிறோம். இரவு பஸ்ஸில் போய் அடுத்த இரவு பஸ்ஸில் திரும்புவோம். தாமரைக் கோபுரம், தெஹிவளை மிருகக்காட்சிசாலை, நூதனசாலை, கங்காராமை, சுதந்திர சதுக்கம், காலிமுகத்திடல், துறைமுக நகரம், இரண்டு பெரிய மால், வெள்ளவத்தைக் கடைகள் எல்லாவற்றையும் எந்த ஒழுங்கில் பார்க்கலாம்? நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: எந்த ஒழுங்கில் போனாலும் முடியாது. இந்தப் பட்டியலோடு வெளிக்கிட்டால் பிள்ளைகள் அன்று முழுக்கப் பார்க்கப்போவது ஆட்டோக்காரரின் முதுகைத்தான். தெஹிவளைக்குக் காலி வீதி நெரிசலில் போய்வரவே அரை நாள் வேண்டும். யானை பார்க்கவா அவ்வளவு தூரம்? உங்கள் பக்கத்தில் யானையே வேலியை முறித்துக்கொண்டு வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போகிறதே! மிருகக்காட்சிசாலையை வெட்டுங்கள். மால் இரண்டையும் வெட்டுங்கள். தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரம், வீதியில் நின்றே காசில்லாமல் பார்க்கலாம். ஏறியே தீரவேண்டும் என்று சின்னவர் அடம்பிடித்தால் ஏற்றுங்கள், அதற்குப் பதில் வேறொன்றை விடவேண்டி வரும்.

சரி, பட்டியலில் புறக்கோட்டையை ஏன் காணோம்? விடியற்காலையில் பஸ் உங்களை இறக்கிவிடப்போவதே அங்கேதான். நம் ஆட்களுக்குப் புறக்கோட்டை என்றால் சாமான் எடுக்கிற இடம். உடுப்பு மூட்டையும் பிளாஸ்டிக் வாளியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம், தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. டிக்கெட் வாங்கி உள்ளே போனால்தான் சுற்றுலா என்று யார் சொன்னது?

முகம் கழுவிக்கொண்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காருங்கள். இடியப்பம், சொதி, சம்பல். கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸும் பட்டிஸும் கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்ததற்கு மட்டும்தான் காசு, இதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். அப்புறம் நடை. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு நிற்கிறது ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் சொல்வார்கள். கட்டியது 1908, 1909இல். அங்கிருந்து நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவைப் பிடித்தால், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் வரைக்கும் நடந்தே போகலாம். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய கோயில் அது. வெளியே எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் உள்ளே கல் குளிர்ந்து கிடக்கும். மத்தியானம் நடை சாத்துமுன் போய்விடுங்கள். புனித அந்தோனியார் தேவாலயமும் கிட்டத்தான். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடம் அது, பெரிய பிள்ளை கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

மத்தியானம் சைவம் என்றால் செட்டியார் தெருப் பக்கமே பாருங்கள். இல்லையென்றால் புறக்கோட்டை முஸ்லிம் கடையொன்றில் புரியாணியும் வட்டிலப்பமும். பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எங்கே நிறைய உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கே நுழையுங்கள்.

பிறகு ஆட்டோ பிடித்து நூதனசாலை. 1877இல் திறந்தது. முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள், ஒரு கல்லைப் பார்த்தால் போதும். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நிறுத்திய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்புகள் என்று நினைத்துவிடாதீர்கள். சீனத்தில் காணிக்கை புத்தருக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு, தமிழில் தென்கரையிலுள்ள தெவிநுவரையில் கோயில்கொண்டிருந்த தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு. பொன், வெள்ளி, பட்டு என்று பட்டியலும் உண்டு. அறுநூறு வருடத்துக்கு முன்பு தென்கரைக்கு வந்த சீனக் கப்பல்காரருக்குத் தமிழில் எழுதவேண்டும் என்று தெரிந்திருக்கிறது! 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததாம். நேரம் மிஞ்சினால் கண்டி அரசரின் சிம்மாசனம். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு இங்கிலாந்துக்குப் போய், 1934இல்தான் திரும்பி வந்தது.

வெயில் தாழ்ந்ததும் காலிமுகத்திடல். துறைமுக நகரம் அங்கிருந்தே தெரியும், அதையும் பட்டியலில் வெட்டிவிடலாம். பட்டம் வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளை ஓடவிடுங்கள். அன்னாசி அச்சாறு வாங்குங்கள். பருப்பு வடையின் மேல் முழு இறாலைப் பதித்துப் பொரித்த இஸ்ஸோ வடையும் உண்டு. நந்திக்கடல் இறால் தின்று வளர்ந்த உங்களுக்கு அந்த இறால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. வடைக்காகச் சாப்பிடுங்கள், கண்முன்னே பொரித்ததாக இருக்கட்டும்.

கங்காராமையும் சுதந்திர சதுக்கமும் அடுத்த பயணத்துக்கு. வெள்ளவத்தையில் வாங்க நினைக்கிற சேலை கிளிநொச்சியிலும் கிடைக்கும். ஞாயிறும் போயா நாளும் வேண்டாம், புறக்கோட்டையில் முக்கால்வாசிக் கடை பூட்டியிருக்கும்.