சனிக்கிழமை பேருந்து இல்லாமல் ரெஹோவோட்டில் ஓராண்டு

கணவருக்கு இஸ்ரேலின் ரெஹோவோட் நகரில் உள்ள வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் ஓராண்டு ஆய்வுப் பணி, கார் கிடையாது, வார இறுதியில் ரயிலும் பேருந்தும் ஓடாவிட்டால் எப்படி ஊர் சுற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சுற்றலாம், கவலை வேண்டாம். யூதர்களின் ஓய்வுநாளுக்காக வெள்ளி மதியத்துக்கு மேல் எல்லாம் அடங்கிவிடும், சனி இருட்டிய பிறகுதான் திரும்ப ஓடும், அதனால் வெள்ளி காலையிலேயே கிளம்பி ஜெருசலேமிலோ ஹைஃபாவிலோ ஒரு இரவு தங்கிவிடுங்கள். ஹைஃபாவில் சனிக்கிழமையும் சில பேருந்துகள் உண்டு. டெல் அவிவுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவே ஷெருத் என்கிற பங்கு வேன் ஓடும். சாக்கடல், எய்ன் கெதி பக்கம் போக வாடகைக் கார்தான் வசதி, அதை வியாழனன்றே எடுத்துவிடுங்கள்.

யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று மட்டும் எங்கும் போக நினைக்காதீர்கள், விமான நிலையமே மூடியிருக்கும், ஆனால் வெறிச்சோடிய சாலையில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதை இருவரும் நடந்துபோய்ப் பாருங்கள், அவ்வளவு அழகு.

அப்புறம், பருப்பு, மசாலாவுக்கு பக்கத்திலேயே ரம்லா இருக்கிறது, இந்திய யூதர்கள் வாழும் ஊர், இந்தியக் கடைகள் உண்டு. வீடு பார்க்கும்போது மமாத் எனும், ஏவுகணைத் தாக்குதலின்போது ஒதுங்கும் பாதுகாப்பு அறை உள்ளதா என்று கட்டாயம் கேளுங்கள், பழைய கட்டடங்கள் பலவற்றில் இருக்காது.